குடிப்பழக்கம் இல்லாதவர்கள் ஒயின் சுற்றுலா போகலாமா?

கேள்வி: எனக்கு 60 வயது. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். என் வீட்டுக்காரருக்கு 66. மகன் ஜெர்மனியில் இருக்கிறான். இந்த ஆண்டு எங்களை அழைத்துக்கொண்டு போய் மூன்று வாரம் தன்னோடு வைத்துக்கொள்ளப் போகிறான். அதற்கு முன்னால் எங்கள் இருவரையும் போர்ச்சுகலில் 8 இரவு, 9 பகல் கொண்ட ஒரு வழிகாட்டிச் சுற்றுலாவில் சேர்த்துவிட ஆசைப்படுகிறான். பழைய ஊர்கள், உள்ளூர்ச் சாப்பாடு, ஒயின் என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறது. லிஸ்பன், சிந்த்ரா, ஓபிடுஷ், கோயிம்ப்ரா, அவைரு, போர்ட்டோ, பிராகா, கிமராயிஷ், லமேகு, டோரு பள்ளத்தாக்கு என்று பத்து இடம். ஐந்து ஓட்டல். நான்கு இடத்தில் ஒயின் ருசி பார்த்தல். நாங்கள் குடிப்பதில்லை. நான் முட்டைகூடச் சாப்பிடாத சைவம், அவர் மீன் சாப்பிடுவார், சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறார். எனக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். ஒயின் சுற்றுலா என்றாலே சொந்தக்காரர்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். நாங்கள் போவது சரியாக இருக்குமா?
வாசகி, மதுரை

பதில்:

அன்புள்ள அம்மா,

போகலாம். தயங்காமல் போங்கள். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் அந்தப் பத்து ஊர்த் திட்டத்தில் போகாதீர்கள். ஒயினைப் பற்றிய உங்கள் கவலையை அப்புறம் பார்ப்போம். உங்கள் பயணத்தைக் கெடுக்கக்கூடியது ஒயின் இல்லை, அந்த ஐந்து ஓட்டல்தான்.

பதினேழு வருடமாகத் தமிழ்க் குழுக்களை ஐரோப்பாவுக்கு அழைத்துப் போகிறேன். தொடக்க காலத்தில் நானும் இப்படித்தான் திட்டம் போட்டேன். எத்தனை ஊர் காட்டுகிறோமோ அத்தனைக்கு அவர்கள் கொடுத்த காசுக்கு மதிப்பு என்று நம்பினேன். ஒருமுறை திரும்பி வரும் விமானத்தில், ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவர் தன் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, "தம்பி, இது எந்த ஊர்?" என்று கேட்டார். பழைய கல் வீதி, ஓட்டுக்கூரை, தூரத்தில் ஒரு தேவாலயக் கோபுரம். என்னாலும் சொல்ல முடியவில்லை. அவர் வருத்தப்படவில்லை, சிரித்துவிட்டு உறங்கப் போய்விட்டார். எனக்குத்தான் அந்த இரவு முழுக்கத் தூக்கம் வரவில்லை. அதற்குப் பிறகு நான் போடும் எந்தத் திட்டத்திலும் முதலில் பார்ப்பது, ஒரே கட்டிலில் எத்தனை இரவு படுக்கிறார்கள் என்பதைத்தான்.

எட்டு இரவில் ஐந்து ஓட்டல் என்றால் நான்கு தடவை பெட்டி கட்ட வேண்டும். காலை ஏழு மணிக்குப் பெட்டி அறை வாசலுக்கு வந்தாக வேண்டும், எட்டு மணிக்கு பஸ். முழங்கால் வலிக்கு இது நல்லதில்லை. வேளைக்குச் சாப்பிட்டு மாத்திரை போட வேண்டியவருக்கும் நல்லதில்லை.

நான் உங்களுக்குச் சொல்வது மூன்றே ஓட்டல். லிஸ்பனில் 2 இரவு, போர்ட்டோவில் 4 இரவு, டோரு பள்ளத்தாக்கில் பின்யாவ் என்ற சிற்றூரின் பக்கத்தில் 2 இரவு. சிந்த்ரா, ஓபிடுஷ், அவைரு மூன்றையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். சிந்த்ரா அழகான இடம்தான், மறுக்கவில்லை. ஆனால் மலைமேல் அரண்மனைகள், வரிசை, ஏற்றம். உங்கள் காலுக்கு அது வேண்டாம்.

லிஸ்பனில் ஓட்டல் பைஷா பகுதியில் இருக்கிறதா என்று கேளுங்கள். ஏழு குன்றுகளின் நகரம் என்று பெயர் வாங்கிய ஊரில் சமதளமாகக் கிடைக்கும் இடம் அது. அதன் தெருக்களுக்கு ஒரு கதை உண்டு. 1755 நவம்பர் 1-ஆம் தேதி பெரிய நிலநடுக்கம் வந்து, கடலும் பொங்கி, தீயும் பிடித்து லிஸ்பன் அழிந்தது. அப்போது அரசரின் அமைச்சராக இருந்த, பின்னாளில் பொம்பால் பிரபு என்று பட்டம் பெற்றவர், ஆற்றங்கரை நகரத்தை நேர் நேரான தெருக்களாகத் திரும்பக் கட்டினார். அதே மனிதர் அடுத்த ஆண்டே, 1756-ல், டோரு பள்ளத்தாக்கில் எந்த நிலத்துத் திராட்சையில் போர்ட் என்ற இனிப்பு ஒயின் செய்யலாம் என்று எல்லை வகுத்தார். கலப்படம் பெருகி, ஒயினின் பெயர் கெட்டு, விலை சரிந்திருந்த நேரம் அது. எல்லைக்குக் கருங்கல் தூண்கள் நட்டார்கள். அவற்றில் பல இன்றும் நிற்கின்றன. நம் ஊரில் காஞ்சிபுரம் பட்டு, திண்டுக்கல் பூட்டு என்று புவிசார் குறியீடு கொடுக்கிறோமே, அந்த யோசனையின் மிகப் பழைய வடிவங்களில் ஒன்று அது. லிஸ்பனில் நீங்கள் நடக்கும் தெருவும் டோருவில் நீங்கள் பார்க்கும் கல்தூணும் ஒரே ஆள் கைவரிசை என்பதை ஒரு நல்ல வழிகாட்டி முதல் நாளே சொல்லிவிடுவார். இப்படி ஊரையும் ஊரையும் கோத்துக் காட்டுகிறவர் கிடைத்தால்தான் வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணம் வீண் போகாது. வெறுமனே கொடி பிடித்து முன்னால் நடப்பவர் உங்களுக்குத் தேவையில்லை.

லிஸ்பனிலிருந்து போர்ட்டோ போகும் வழியில் கோயிம்ப்ராவில் அரை நாள் நிற்கலாம், தங்க வேண்டாம். 1290-ல் தொடங்கிய பல்கலைக்கழகம், 1537-லிருந்து அந்தக் குன்றின் மேல் நிலைத்திருக்கிறது. பஸ்ஸோ டாக்ஸியோ உங்களை மேலே பல்கலைக்கழக வாசலில் இறக்கிவிட வேண்டும். கீழிருந்து ஏறச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அங்கே ஜுவானினா நூலகம் என்று ஒன்று, 18-ஆம் நூற்றாண்டுக் கட்டடம், தங்கப் பூச்சு அலமாரிகள். புத்தகத்தை அரிக்கும் பூச்சிகளை வௌவால்கள் இரவில் தின்றுவிடும். அதற்காகவே அவற்றை விரட்டாமல் வைத்திருக்கிறார்கள், மாலையானதும் மேசைகள் மேல் தோல் விரிப்பு போட்டு மூடிவிடுவார்கள். குறித்த நேரத்துக்குத்தான் உள்ளே விடுவார்கள், அதனால் டிக்கெட் முன்பே எடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

மேசை, அலமாரி என்று எழுதும்போதே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. இந்த இரண்டு சொல்லும் போர்ச்சுகல்காரர்கள் நம் கடற்கரையில் விட்டுப்போனவை. ஜன்னல், சாவி, ஏலம், அன்னாசி, பாதிரி எல்லாமே அப்படித்தான். யாழ்ப்பாணத்தில் ரொட்டியைப் பாண் என்பார்கள், லிஸ்பன் பேக்கரியிலும் அதே சொல்தான், கொஞ்சம் மூக்கால் சொல்ல வேண்டும். அச்சேறிய முதல் தமிழும் லிஸ்பனில்தான் அச்சானது. 1554-ல் வந்த ஒரு சிறு ஜெபநூல் அது, தமிழ் வரிகள் ரோமன் எழுத்தில் இருக்கும். உங்களுக்கு அந்த நாடு முழு அந்நியம் இல்லை அம்மா. ஓட்டல் அறைக்குள் நுழைந்ததும் அங்கே இருப்பதில் பாதிக்கு உங்களுக்கு ஏற்கெனவே பெயர் தெரியும்.

பீப்பாயும் அவர்களுடைய சொல்தான். போர்ட்டோவில் அதை நேரில் பார்ப்பீர்கள்.

போர்ட்டோவுக்கு நான்கு இரவு எதற்கு என்று டூர் கம்பெனிக்காரர் கேட்பார். அங்கிருந்து போய்வரும் தூரத்தில் பிராகாவும் கிமராயிஷும் இருக்கின்றன, அவற்றுக்காகத் தனி ஓட்டல் தேவையில்லை என்று சொல்லுங்கள். ஊருக்காகவும்தான். செங்குத்தான ஊர் அது, ஆனால் காலைக் காப்பாற்றிக்கொள்ள வழி உண்டு. டோரு ஆற்றின் மேல் 1886-ல் திறந்த டோம் லூயிஸ் இரும்புப் பாலம் இரண்டடுக்கு கொண்டது. மேலடுக்கில் இப்போது மெட்ரோ ஓடுகிறது. மேலேயே மெட்ரோவில் ஆற்றைக் கடந்து, ஜார்டிம் டு மோர்ரு என்ற பூங்கா நிறுத்தத்தில் இறங்குங்கள். அது போர்ட்டோவின் எதிர்க்கரையில் இருக்கும் காயா என்ற ஊர். அங்கிருந்து ரோப் கார் உங்களைக் கீழே படித்துறைக்கு இறக்கிவிடும். ஒரு படிகூட ஏறி இறங்காமல் ஊரின் மிக அழகான காட்சியைப் பார்த்துவிடலாம். மாலையில் போங்கள். கிளேரிகுஷ் கோபுரத்தில் 225 படி. வீட்டுக்காரர் ஏறட்டும், நீங்கள் கீழே காபி குடியுங்கள். சாவ் பென்டு ரயில் நிலையத்தை மட்டும் தவறவிடாதீர்கள். டிக்கெட் இல்லாமலே உள்ளே போகலாம். சுவர் முழுக்க நீலமும் வெள்ளையுமாகச் சுமார் 20,000 ஓடுகள், நாட்டின் வரலாறே அதில் வரைந்திருக்கிறது.

காயா கரையில் இருப்பவை ஒயின் கிடங்குகள். திராட்சை விளைவது உள்ளே பள்ளத்தாக்கில், முதிர்வது கடலோரக் குளிர்ச்சியில். அந்தக் காலத்தில் ரபேலு என்ற தட்டை அடிப் படகுகளில் பீப்பாய்களை ஏற்றி, பாறையும் சுழலும் நிறைந்த ஆற்றில் கீழே கொண்டுவந்தார்கள். அணைகள் வந்தபின் அந்தப் போக்குவரத்து நின்றுபோனது. கிடங்குகளில் ஒன்றுக்கு மட்டும் போங்கள், போதும். இருட்டு, ஈரக் கருங்கல் வாசனை, வரிசை வரிசையாக ஓக் மரப் பீப்பாய்கள். குடிக்காதவர்களுக்கும் அது மறக்காது.

இப்போது ஒயினுக்கு வருவோம்.

நீங்கள் குடிக்க வேண்டிய கட்டாயம் எங்குமே கிடையாது. ருசி பார்த்தல் என்பது மூன்று சின்னக் கோப்பையில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றித் தருவது. அந்தத் தொழிலில் இருப்பவர்களே வாயில் வைத்துச் சுழற்றிவிட்டு, பக்கத்தில் இருக்கும் பாத்திரத்தில் துப்பிவிடுவார்கள். வேண்டாம் என்றால் கோப்பையின் மேல் கை வைத்தால் போதும், ஒருவரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதைவிட நல்ல வழி, பதிவு செய்யும்போதே "இருவரும் மது அருந்துவதில்லை" என்று எழுத்தில் கொடுத்துவிடுவது. திராட்சைச் சாறோ வேறு பானமோ வைப்பார்கள். நான்கு ருசி பார்த்தலுக்கான கட்டணத்தில் இரண்டைக் குறைக்கச் சொல்லியும் கேட்கலாம்.

சாரின் விஷயத்தில் மட்டும் கறாராக இருக்க வேண்டியிருக்கிறது. மற்றவர்கள் குடிக்கும்போது "ஒரு மிடறு பார்ப்போமே" என்று அவருக்குத் தோன்றலாம். போர்ட் ஒயின் சாதாரண ஒயின் கிடையாது. திராட்சையை மிதித்து நொதிக்கவிட்டு, இரண்டு மூன்று நாளில், இனிப்பு பாதி மிச்சமிருக்கும்போதே அதில் திராட்சைச் சாராயத்தை ஊற்றி நொதித்தலை நிறுத்திவிடுவார்கள். அதனால்தான் அது இனிக்கிறது. ஒரு லிட்டரில் ஏறக்குறைய 100 கிராம் சர்க்கரை, மதுவின் அளவோ 20 சதவீதத்தை ஒட்டி. சர்க்கரை மாத்திரைகள் சிலவற்றோடு மது சேரும்போது, அதுவும் வெறும் வயிற்றில், சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம். எந்த மாத்திரை எடுக்கிறார் என்பதைப் பொறுத்தது அது. கிளம்புவதற்கு முன் அவருடைய டாக்டரிடம் இதை நேரடியாகக் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

சொந்தக்காரர்கள் பற்றி எழுதியிருந்தீர்கள். நீங்கள் பார்க்கப் போவது ஒரு விவசாயம். செங்குத்தான பாறை மலையை உடைத்து, கல் அடுக்கி, படி படியாகத் தளம் கட்டி, அதில் ஒரு கொடியை நூற்றாண்டுக் கணக்கில் காப்பாற்றி வைத்திருக்கிற மக்கள் அவர்கள். 19-ஆம் நூற்றாண்டில் பைலாக்சரா என்ற வேர்ப்பூச்சி வந்து தோட்டங்களை அழித்தபோது கைவிட்ட சில தளங்கள் இன்றைக்கும் புதர் மண்டிக் கிடக்கின்றன. வண்டியிலிருந்தே தெரியும். சரிவு அதிகம் என்பதால் பெரும்பாலான இடங்களில் கையால்தான் பறிக்க முடியும். 2001-ல் யுனெஸ்கோ அந்தப் பள்ளத்தாக்கை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்ததும் இந்த மனித உழைப்புக்காகத்தான். விவசாயம் பார்த்த குடும்பத்தில் பிறந்தவர்கள் அந்தக் கல்வரப்புகள் முன்னால் பேச்சில்லாமல் நிற்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இதைப் பார்க்கப் போவதற்கு நீங்கள் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

அதனால்தான் டோருவில் இரண்டு இரவு கேட்கிறேன். உங்கள் திட்டத்தில் அது ஒரே நாளில் போய்த் திரும்பும் பயணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். பெரும்பாலான கம்பெனிகள் அப்படித்தான் செய்கின்றன. காலையில் இரண்டு மணி நேரம் பஸ், நடுப்பகல் வெயிலில் ஒரு தோட்டம், அவசரச் சாப்பாடு, படகில் ஒரு மணி நேரம், திரும்ப இரண்டு மணி நேரம். ஐந்து மணிக்குச் சுற்றுலா பஸ்கள் கிளம்பிப் போனபிறகு அந்தப் பள்ளத்தாக்கு என்ன ஆகிறது தெரியுமா? ஆறு கண்ணாடி மாதிரி நின்றுவிடும். மலைப்படிகளில் வெயில் ஒவ்வொரு வரிசையாக ஏறி மறையும். எங்கோ ஒரு நாய் குரைக்கும். தோட்ட வீட்டின் திண்ணையில் உட்கார்ந்து அதைப் பார்ப்பதுதான் இந்தப் பயணத்தில் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய விஷயம். அதற்கு முழங்கால் வலுவும் தேவையில்லை.

கின்டா என்று அழைக்கப்படும் தோட்ட வீடுகளில் பல, தங்க இடம் கொடுக்கின்றன. தரைத்தள அறையோ, லிப்ட் உள்ள கட்டடமோ கேளுங்கள். பழைய வீடுகளில் படி அதிகம்.

அங்கே போகும்போது பஸ்ஸில் போகாதீர்கள். பெட்டிகளை பஸ்ஸில் அனுப்பிவிட்டு, நீங்கள் இருவரும் போர்ட்டோவிலிருந்து பின்யாவுக்கு ரயிலில் போங்கள். இரண்டரை மணி நேரம் போல ஆகும். போகும்போது வலதுபக்க ஜன்னல். பாதி தூரம் வரை சாதாரணமாகத்தான் இருக்கும், பிறகு தண்டவாளம் ஆற்றோடு ஒட்டிக்கொள்ளும், கடைசிவரை விடாது. பின்யாவ் நிலையத்துச் சுவர் ஓடுகளில் திராட்சை பறிப்பதையும் கூடை சுமப்பதையும் வரைந்திருப்பார்கள். இறங்கியதும் அதைப் பார்த்துவிட்டு வெளியே வாருங்கள்.

லமேகுவின் ரெமேதியுஷ் மாதா ஆலயத்துக்கு 686 படி. வண்டி மேலேயே போகும், அங்கிருந்து படிகளைக் கீழ்நோக்கிப் பார்த்தாலே போதும். பிராகாவின் போம் ஜேசுஸ் ஆலயத்திலும் பெரிய படிக்கட்டுதான். ஆனால் அங்கே 1882-லிருந்து ஓடும் ஒரு மலை ரயில்பெட்டி உண்டு. மின்சாரம் இல்லை, எஞ்சின் இல்லை. மேலே நிற்கும் பெட்டியின் தொட்டியில் தண்ணீர் நிரப்புவார்கள். அந்த எடையில் அது இறங்க, கம்பியால் இணைத்த கீழ்ப்பெட்டி மேலே ஏறும். ஏற்றம் கவலை இறைத்ததைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

கிமராயிஷ் ஒரு முழு நாள் பெறும் ஊர். 1128-ல் அதன் அருகே நடந்த சாவ் மமேதே போரில் அபோன்சு என்ரிக்கேஷ் என்ற இளைஞன் தன் தாயின் படையையே எதிர்த்து வென்று, பின்னர் போர்ச்சுகலின் முதல் அரசன் ஆனான். "இங்கே போர்ச்சுகல் பிறந்தது" என்று பழைய மதில் சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கும். பழைய ஊர் சின்னது, முற்றம் முற்றமாக நடக்கலாம், நடுநடுவே உட்காரலாம். பிராகாவையும் இதையும் ஒரே நாளில் திணித்தால் இரண்டும் கலங்கிவிடும். நான்கு இரவு இருப்பதால் தனித்தனி நாள் வையுங்கள், அல்லது போம் ஜேசுஸை மட்டும் ஒரு காலையில் முடித்துவிட்டு மதியம் ஓய்வெடுங்கள்.

சாப்பாடு. முட்டையும் சேர்க்காத சைவத்துக்குப் போர்ச்சுகல் எளிதான நாடு என்று பொய் சொல்ல மாட்டேன். இனிப்புகளில் பெரும்பாலானவை முட்டை மஞ்சள் கருவில் செய்தவை. கன்னிமாடங்களில் உடுப்புக்குக் கஞ்சி போடவும், ஒயினைத் தெளியவைக்கவும் வெள்ளைக் கருவைப் பயன்படுத்தியதால் மிஞ்சிய மஞ்சள் கரு இனிப்பாக மாறியது என்று சொல்வார்கள். எல்லோரும் புகழும் பாஸ்டெல் டி நாட்டாவும் முட்டைதான். காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். கால்டு வெர்டே என்ற கீரை உருளைக்கிழங்கு சூப்பில் கடைசியில் பன்றி இறைச்சி சாசேஜ் வில்லை ஒன்றை மிதக்கவிடுவது வழக்கம். அதை எடுத்துவிட்டால் சைவம் என்று சில பரிமாறுபவர்கள் உண்மையாகவே நம்புகிறார்கள்.

ஆனால் பட்டினி கிடக்க மாட்டீர்கள். ஐரோப்பாவில் சோற்றை விரும்பிச் சாப்பிடும் மக்கள் அவர்கள். தக்காளிச் சாதம் மாதிரியே குழைவாக ஒன்று செய்வார்கள், மீனோ இறைச்சியோ சேர்க்காமல் தனியாகக் கேட்டால் கொடுப்பார்கள். கொத்தமல்லித் தழையை மனதாரப் போடும் ஐரோப்பியச் சமையல் அது, தெற்கே இன்னும் தாராளமாக. மக்காச்சோள மாவு கலந்த புரோவா ரொட்டி, ஆலிவ், நல்ல ஆலிவ் எண்ணெய், டோருவின் பாதாம், அத்தி, ஆரஞ்சு, இலையுதிர் காலத்தில் தெருவில் வறுத்து விற்கும் கஷ்கொட்டை எல்லாம் உண்டு. பாலாடைக்கட்டியில் ஒரு சங்கதி உங்களுக்காகவே சொல்ல வேண்டும். ஐரோப்பாவின் பல பாரம்பரியக் கட்டிகளில் பாலை உறையவைக்கக் கன்றின் வயிற்றிலிருந்து எடுத்த பொருளைச் சேர்ப்பார்கள். செர்ரா டா எஸ்ட்ரேலா என்ற மலைப்பகுதியின் செம்மறி ஆட்டுப்பால் கட்டியில் அப்படி இல்லை. ஒரு முள்செடியின் பூவை ஊறவைத்து அதில்தான் உறையவைக்கிறார்கள். கரண்டியால் வழித்துச் சாப்பிடும் அளவுக்கு இளகி இருக்கும். பெயர் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

"இறைச்சி, மீன், முட்டை, இவற்றின் சாறு எதுவும் வேண்டாம், பால், தயிர் பரவாயில்லை" என்று போர்ச்சுகீசிய மொழியில் ஒரு அட்டையில் எழுதித் தரும்படி கம்பெனியிடம் கேளுங்கள். பத்து அட்டை வைத்துக்கொள்ளுங்கள், சமையலறைக்குள் போகும் அட்டை எப்போதும் திரும்பி வராது. லிஸ்பனிலும் போர்ட்டோவிலும் இந்திய ஓட்டல்கள் நிறைய இருக்கின்றன. டோருவில்தான் வழியில்லை, அதனால் கின்டாவுக்கு மட்டும் ஒரு வாரம் முன்பே தகவல் போக வேண்டும். கையில் கொஞ்சம் அவல், பருப்புப்பொடி இருக்கட்டும். மேசையில் நீங்கள் கேட்காமலே ரொட்டி, ஆலிவ், பாலாடைக்கட்டி எல்லாம் வைப்பார்கள். சாப்பிட்டால் அதற்குக் காசு உண்டு, வேண்டாம் என்றால் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இரவுச் சாப்பாடு ஏழரை, எட்டுக்கு முன்னால் பல இடங்களில் கிடைக்காது. சார் பையில் பிஸ்கட் வைத்திருக்க வேண்டும்.

சாருக்குக் கொண்டாட்டம்தான். பகல்யாவ் என்ற உப்பிட்டு உலர்த்திய காட் மீன் அவர்களுடைய உயிர். ஆனால் அந்த மீன் அவர்கள் கடலில் கிடைப்பதில்லை, நார்வே பக்கத்துக் குளிர்கடலிலிருந்து வருவது. ஒரு தோட்ட வீட்டுச் சமையலறையில், பெரிய தொட்டியில் அது ஊறிக்கொண்டிருந்ததை எங்கள் குழுவில் வந்த தூத்துக்குடிக்காரர் ஒருவர் பார்த்தார். "இது நம்ம கருவாடுல்லா!" என்று உரக்கச் சொல்லிவிட்டார். அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, இவருக்குப் போர்ச்சுகீசியம் தெரியாது. எத்தனை முறை தண்ணீர் மாற்ற வேண்டும், எத்தனை நாள் ஊற வேண்டும் என்று இருவரும் விரலைக் காட்டியே அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அன்று மதியம் நாங்கள் போக வேண்டியிருந்த இன்னொரு தோட்டத்துக்கு நான் போன் செய்து வரவில்லை என்று சொல்லிவிட்டேன். நிரலில் சும்மா இருக்கும் நேரம் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று நான் அடம்பிடிப்பது இதற்காகத்தான்.

மாதம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஜூலை, ஆகஸ்டில் டோருவில் 40 டிகிரி வரை போகும். மதுரைக்காரர்களுக்கு வெயில் புதிதில்லைதான், ஆனால் அங்கே கொடிகளுக்கு நடுவே ஒதுங்க நிழல் கிடையாது. மே மாதம் நல்லது. செப்டம்பர் இரண்டாம் பாதி அறுவடை நேரம், பள்ளத்தாக்கே உயிரோடு இருக்கும், வாடகையும் கூடும். அறுவடை வேலையில் மும்முரமாக இருக்கும் சிறிய தோட்டங்கள் அப்போது விருந்தினரை ஏற்காமலும் போகலாம், முன்கூட்டி உறுதி செய்துகொள்ள வேண்டும். எந்த மாதமானாலும் புதுச் செருப்பு வேண்டாம். தெருக்கள் எல்லாம் பதித்த கல், மழை பெய்தால் வழுக்கும். அடி பிடிப்புள்ள, காலுக்குப் பழகிய ஷூ. மடக்கும் கைத்தடி ஒன்று.

கடைசியாக விசா. இதில் பலர் தவறு செய்கிறார்கள். போர்ச்சுகலில் எட்டு இரவு, மகனிடம் மூன்று வாரம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா விதிப்படி, ஒரே பயணத்தில் பல நாடு போகும்போது, அதிக நாள் தங்கும் நாட்டிடம்தான் விசா கேட்க வேண்டும். உங்கள் விஷயத்தில் அது ஜெர்மனி. முதலில் இறங்குவது லிஸ்பனாக இருந்தாலும் அப்படித்தான். டூர் கம்பெனி தன் வழக்கப்படி போர்ச்சுகல் விசாவுக்குப் படிவம் நிரப்பத் தொடங்குவதற்கு முன் முழுப் பயணத் தேதிகளையும் அவர்களிடம் கொடுத்துவிடுங்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குக் குறையக்கூடாது. கோடைக்கு நேர்காணல் தேதி கிடைப்பது கடினம், சீக்கிரம் தொடங்குங்கள். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். எடுக்கும்போது சாரின் சர்க்கரை நோயை மறைக்காமல் எழுதுங்கள். மாத்திரைகளை டாக்டர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள், பெரிய பெட்டியில் போடாதீர்கள்.

முதல் வேலையாக மகனிடம் இந்த மூன்று ஓட்டல் திட்டத்தைச் சொல்லுங்கள். குழுவில் எத்தனை பேர் என்று கம்பெனியைக் கேட்கச் சொல்லுங்கள். இருபதுக்கு மேல் என்றால் எனக்குத் தயக்கம் உண்டு. திட்டத்தை மாற்ற முடியாது, பத்து ஊரும் பார்த்தே ஆக வேண்டும் என்று அவர்கள் சொன்னால், லிஸ்பனிலும் போர்ட்டோவிலும் அரை நாள் வழிகாட்டி மட்டும் அமர்த்திக்கொண்டு, மற்ற பயணத்தை ரயிலில் நீங்களே போகலாம். அந்த ரயில்கள் வயதானவர்களுக்கும் சிரமமில்லாதவை. அப்படி முடிவு செய்தால் தேதிகளோடு மறுபடி எழுதுங்கள், எந்த ரயில், எந்த நிலையம் என்று நாள்வாரியாக எழுதி அனுப்புகிறேன்.